விளங்கவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் எமது ஊர்களின் முகநூல் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மாலை போட்ட பிள்ளை, ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் பள்ளிவாசல் தலைவர், வெட்டுப்புள்ளியைவிட எத்தனை புள்ளி அதிகம் என்று ஒரு வரி, அதன் கீழே நூறு 'மாஷா அல்லாஹ்'. நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள், வாழ்த்துவதில் பிழையில்லை. ஆனால் வருடாவருடம் மூன்று இலட்சத்தை அண்டிய பிள்ளைகள் எழுதும் அந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் பிள்ளைகள் பத்து வயதிலேயே தங்களைப் பற்றி ஒரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டு வினாத்தாள்களில் எந்த இடத்திலும் ஒரு பிள்ளை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ஆரம்பக் கல்வி என்றால் அந்தப் பரீட்சைக்கான ஆயத்தம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள வருடங்களில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய முக்கியமான ஒன்று அதனால் கவனிக்கப்படாமலே போகிறது என்பது என் கருத்து. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வதும், தனக்கு வேண்டியதைக் கேட்பதும், பிழையாக நடந்திருந்தால் மரியாதையோடு சுட்டிக்காட்டுவதும்தான் அது. தரம் பத்திலோ பல்கலைக்கழகத்திலோ அதைப் புதிதாகக் கற்பிப்பது மிகக் கடினம். இதை நான் முதலில் கற்றுக்கொண்டது எனது சொந்தப் பிழையிலிருந்து.

நான் யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன். காலையில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகப் புளியங்கூடலுக்குப் போய் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவள். தீவகத்தின் பல பாடசாலைகளைப் போலவே எங்களுடையதும் சின்னது. தரம் மூன்றும் நான்கும் ஒரே அறையில், எல்லாமாகப் பதினொரு பிள்ளைகள். ஒருவரும் முஸ்லிம் இல்லை. தகப்பன்மார் கடற்தொழில், கூலி வேலை, சீவல். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளும் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சத்தம் போடமாட்டான், இடத்தை விட்டு எழும்பமாட்டான். பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய தாயிடம் "உங்கட பிள்ளையைப் போல அமைதியான பிள்ளை இல்லை" என்று நானே சொன்னேன். தாயும் மகிழ்ந்து, "வீட்டையும் ஒரு குழப்படியும் இல்லை ரீச்சர்" என்றார். இரண்டு தவணை கழிந்து சுகாதாரப் பரிசோதனைக்கு வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், அவனுக்குக் கரும்பலகையில் எழுதுவது எதுவும் தெரியவில்லை என்று. இரண்டு தவணையும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஏசுவீங்கள் எண்டு நினைச்சன்" என்றான்.

அவனை நான் ஒரு நாளும் ஏசியதில்லை. ஆனால் எழும்பிக் கேட்ட வேறு பிள்ளைகளை, "இப்பதானே சொன்னனான், காது எங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவனது மௌனத்தை ஒழுக்கம் என்று புள்ளி போட்டவள் நான்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனது தம்பியின் நினைவுதான் வந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது நான் தரம் ஐந்து. தம்பி ஐந்து வயது, இன்னும் பாடசாலைக்குப் போகவில்லை. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் எழுபத்தையாயிரம் பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு 1991இல் பாடசாலைக்குப் போனோம். இடம் தந்த ஊர் மக்களுக்கும் பாடசாலைகளுக்கும் நாம் என்றும் நன்றிக்கடன் பட்டவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கே கதிரை போதாத நிலையில் பின்னேர வகுப்பு வைத்து எங்களைச் சேர்த்தார்கள். ஆனால் எழுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில், மத்தியான வெயிலுக்குப் பின், களைத்துப்போன ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? "வாயைப் பொத்து, கையைக் கட்டு." தம்பியின் முதலாம் ஆண்டு அப்படித்தான் தொடங்கியது.

எனக்கு அதற்கு முன்னர் நான்கு நல்ல வருடங்கள் கிடைத்திருந்தன. யாழ்ப்பாணத்தில் எனக்கு முதலாம் வகுப்புப் படிப்பித்த ஆசிரியை, கேள்வி கேட்கும் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு மேசையில் சாய்ந்து நிற்க விடுவார். அவ்வளவுதான் செய்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. புத்தளத்தில் இரண்டு, மூன்று வருடம் நானும் ஊமையாகத்தான் இருந்தேன். அகதிப் பிள்ளை என்ற சொல் என் வாயையும் அடைத்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது. சாதாரண தரத்துக்கு வரும்போது திரும்பவும் கை தூக்கத் தொடங்கினேன்.

தம்பி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். உயர்தரத்தில் ஒரு பாடத்தில் எதிர்பாராத பெறுபேறு வந்தது. அவனது வகுப்பாசிரியருக்கே நம்பிக்கை வரவில்லை. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதிபரின் கையொப்பம் வேண்டும். அதற்கு அதிபரின் அறைக்குப் போய், "சேர், என் பெறுபேற்றில் பிழை இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தம்பி இரண்டு நாள் அந்த அறைவாசல் வரை போய்த் திரும்பி வந்தான். மூன்றாம் நாள் முடிவுத் திகதி கடந்துவிட்டது. எங்களுக்கு இதை அவன் சொன்னது பல வருடங்கள் கழித்து. மீளப் பரிசீலித்திருந்தால் மாறியிருக்குமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். இன்று அவன் கடை வைத்து நல்லாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் எடுக்க வேண்டுமென்றால் இப்போதும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவான்.

ஒரே உம்மா, ஒரே வாப்பா, ஒரே கொட்டில். எங்கள் இருவருக்கும் இடையில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் முதல் நான்கு வருடங்கள்தான். ஒரு வீட்டுக் கதையை வைத்துக்கொண்டு கொள்கை பேசக்கூடாது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதனால் மற்றவர்கள் கண்டதையும் பார்ப்போம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலான்ட்டி என்ற ஊரில் 1962இல் ஒரு முன்பள்ளித் திட்டம் தொடங்கியது. பெரி முன்பள்ளி என்று அதற்குப் பெயர். வறுமையில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதியினரை முன்பள்ளியில் சேர்த்தார்கள், மற்றவர்களைச் சேர்க்கவில்லை. பிறகு இரு பகுதியினரையும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களின் நுண்ணறிவுப் புள்ளி முதலில் உயர்ந்தது, ஆரம்ப வகுப்புகள் முடிவதற்குள் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. திட்டம் தோல்வி என்று அப்போதே மூடிவைத்திருக்கலாம். ஆனால் அதே பிள்ளைகள் பின்னர் கூடுதலாக உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள், கூடுதலாக உழைத்தார்கள், குறைவாகவே பொலிஸில் மாட்டினார்கள். புள்ளியில் தெரியாத ஏதோ ஒன்றை அந்த முன்பள்ளி கொடுத்திருக்கிறது. அங்கே தினமும் ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று பிள்ளையே சொல்ல வேண்டும், செய்ய வேண்டும், பிறகு என்ன செய்தேன் என்று பிள்ளையே வந்து சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்.

ஜெஸிக்கா கலார்க்கோ என்ற சமூகவியலாளர் ஓர் அமெரிக்க ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் தரத்திலிருந்து அதே பிள்ளைகளோடு பல வருடம் இருந்து பார்த்து 2018இல் ஒரு நூல் வெளியிட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளங்காவிட்டால் ஆசிரியரைக் கூப்பிடுவார்கள், எழும்பிப் போவார்கள், மேலதிக நேரம் கேட்பார்கள், அநேகமாகப் பெறுவார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ரீச்சருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பேசாமல் தாங்களாகவே போராடுவார்கள். இரண்டையும் வீட்டில்தான் கற்றிருந்தார்கள். இரண்டாவது வகைப் பெற்றோர் நல்ல பண்பு என்று நினைத்துத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். என் வகுப்புப் பையனின் தாயும் அப்படித்தானே. ஆசிரியரோ, கேட்ட பிள்ளைக்கு உதவுகிறார், கேட்காத பிள்ளையைக் காண்பதில்லை. அந்த அமெரிக்கப் பாடசாலையும் புளியங்கூடலும் இந்த விடயத்தில் ஒன்றுதான்.

கலாசாலையில் விரிவுரையாளர் ஒருவர் சொன்ன ஒன்றை அப்போது குறிப்பெடுத்துப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு செக்கன். அதை மூன்று செக்கனுக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, பிள்ளைகள் தாங்களும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், மந்தமான பிள்ளை என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் வாய் திறந்தார்கள். பையனின் விடயத்துக்குப் பிறகு அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். மூன்று செக்கன் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களாக உள்ள வாசகர்கள் நாளைக்கே செய்து பாருங்கள். வாயில் விடை வந்து நிற்கும். நான் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி எண்ணினேன்.

வேறு சிலதும் செய்தேன். வெண்கட்டி முடிந்தால் நான் போவதில்லை. முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையாக அதிபரிடம் போய்த் தங்கள் வாயால் கேட்டு வாங்கி வர வேண்டும். ஒருமுறை எல்லோரையும் உப தபாலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவரும் தனித்தனியாக முத்திரை கேட்டு வாங்க வைத்தேன். பதினொரு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுத்தது. தபாலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு பிள்ளை காசைத் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றது. அவரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். மூன்று செக்கன் அவருக்கு யாரும் படிப்பிக்காமலே தெரிந்திருந்தது.

அந்த வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளை ஆறாம் தரத்துக்குப் பட்டணத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்குப் போனாள். முதல் தவணையிலேயே விடைத்தாளில் கூட்டுப் பிழை இருப்பதைக் கண்டு எழும்பிக் காட்டியிருக்கிறாள். புள்ளி திருத்தப்பட்டது. கூடவே 'வாய்க்காரி' என்ற பட்டமும் கிடைத்தது. தாய் என்னிடம் வந்து, "நீங்கள் பழக்கினது இப்ப கரைச்சலாப் போச்சு ரீச்சர்" என்றார். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. தீவுப்பகுதிப் பிள்ளை, பெண் பிள்ளை, வசதியில்லாத பிள்ளை. அப்படிப்பட்ட ஒருத்தி வாய் திறந்தால் எமது பாடசாலைகள் எல்லா இடத்திலும் அதை மெச்சுவதில்லை. பிரம்பைத் தடை செய்த சுற்றறிக்கை 2005இலேயே வந்தது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் பிரம்பு மேசையில் இருக்கும் வகுப்பறைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது, கேட்பதை நிறுத்தாதே, எப்போது எப்படிக் கேட்பது என்பதைப் பார்த்துக்கொள் என்பதுதான். அதையும் சின்ன வயதில்தான் பழக்க வேண்டும்.

எமது சமூகத்துக்கு இதில் ஒரு முன்மாதிரி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் கல்வி குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கியது. பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம், அதன் பின் யாழ் இந்துக் கல்லூரி. வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய முஸ்லிம் பிள்ளைகளில் ஒருவராக இருந்திருப்பார். அங்கிருந்து பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய், 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். தன்னை அந்நியனாக உணர வைக்காத ஆரம்பப் பாடசாலை ஒரு சிறுபான்மைப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் அவருடைய பெயரைத்தான் சொல்வேன். சைவப் பாடசாலைகள் ஒரு முஸ்லிம் பிள்ளையை வளர்த்து எடுத்தன. நான் இன்று தீவகத்தில் சைவ, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். சில நாட்களில் பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது இந்த எண்ணம் வரும்.

மத்ரஸா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குர்ஆன் மத்ரஸாவில் ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன்னால் இருந்து தனியாக, சத்தமாக ஓதுகிறது. பிழை திருத்தப்படுகிறது, திரும்ப ஓதுகிறது. தன் குரலைத் தானே கேட்கும் இந்த வாய்ப்பு எத்தனை அரச பாடசாலைப் பிள்ளைக்குத் தினமும் கிடைக்கிறது? ஆனால் ஓதியதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் சில இடங்களில் அடக்கமில்லாத பிள்ளை என்றாகிவிடுகிறது. மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று சொல்லித்தான் ஆயிஷா (ரழி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்தார்கள். அடக்கம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளின் கேள்விகளை நிறுத்துபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், இவ்வருடம் தரம் ஒன்றில் புதிய பாடவிதானம் தொடங்கியிருப்பது. தரம் ஆறுக்கும் சேர்த்தே வரவிருந்தது. ஆங்கிலத் தொகுதி ஒன்றில் பொருத்தமற்ற இணைய முகவரி அச்சாகிப் பெரிய சர்ச்சையாகி, தரம் ஆறின் மாற்றம் 2027க்குப் பிற்போடப்பட்டது. அந்த முகவரியைப் பற்றி எமது ஊடகங்களும் ஜும்ஆ மேடைகளும் வாரக்கணக்காகப் பேசின. பேச வேண்டிய விடயம்தான். ஆனால் ஏற்கனவே நடைமுறைக்கு வந்துவிட்ட தரம் ஒன்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்கவில்லை. செயற்பாடு, கலந்துரையாடல் எல்லாம் தாளில் இருக்கிறது. 1998இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தபோதும் தாளில் அவை இருந்தன. பிறகு புலமைப்பரிசில் வகுப்புகள் தரம் மூன்று வரை கீழிறங்கி வந்து அவற்றை விழுங்கிவிட்டன. இம்முறையும் அதுதான் நடக்குமா என்பதைக் கல்வி அமைச்சு மட்டும் தீர்மானிக்கப்போவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எதைக் கேட்கிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது.

சிறிய பாடசாலைகளின் கதையும் இதோடு சேர்ந்தது. ஐம்பதுக்கும் குறைந்த பிள்ளைகளோடு இயங்கும் பாடசாலைகள் நாட்டில் ஆயிரத்துக்கும் மேல். அவற்றை மூடுவது, இணைப்பது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தீவகத்தில் அப்படியானவை பல. செலவுக் கணக்குப் பார்த்தால் அந்தப் பேச்சில் தர்க்கம் உண்டு, சில இடங்களில் இணைப்பது பிள்ளைக்கே நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்புக்கு அனுப்பும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். பதினொரு பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் நாலு தரம் பேச நேரம் கிடைக்கும். நான் விட்ட பிழையைப் பார்த்தால் பதினொரு பேரிலும் ஒருவனைக் காணாமல் விடலாம் என்பதும் தெரிகிறது. நாற்பத்தைந்தில் சொல்லவே வேண்டாம்.

மீள்குடியேறி வந்து ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் பிள்ளைகளைச் சேர்க்கும் எமது பெற்றோர் பலர், என் தம்பியைப் போல, பின்னேர வகுப்புகளில் வாய் பொத்தி வளர்ந்தவர்கள். கூட்டத்துக்கு வந்தால் பின் வரிசையில் இருப்பார்கள். ஆசிரியர் கேட்டால் "எல்லாம் நல்லம்" என்பார்கள். வீட்டுக்குப் போய்த்தான் குறை சொல்வார்கள். பிள்ளை அதைத்தான் பார்க்கிறது. புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவர்களுக்குப் பரிசு வழங்கச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுவதற்கு ஒதுக்கலாம். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர், கொஞ்சம் தேநீர். இதைவிடப் பெரிய திட்டம் என்னிடம் இல்லை.

தம்பியின் கடைசி மகள் இவ்வருடம் தரம் ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன்னர் இரவில் போன் எடுத்தான். மகளைப் பின் வாங்கில் இருத்தியிருக்கிறார்களாம், ஆசிரியை சொல்வது கேட்கவில்லை என்று வீட்டில் வந்து அழுகிறாளாம். "ராத்தா, நீங்க ஒருக்கா வந்து அவங்களோட கதைச்சுப் பார்க்க ஏலுமா? உங்களுக்கெண்டா அவங்க கேட்பாங்க."

ஏலாது என்றேன். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு நீயே போ, வாசலில் நின்றுவிடாமல் உள்ளே போ, முதலில் அவளையே சொல்ல விடு, விட்டதை நீ சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, என்னவென்று தொடங்குவது என்று கேட்டான். இரண்டு வசனம் சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை கடையை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். மகள் இப்போது இரண்டாவது வரிசையில் இருக்கிறாள்.